அரைக்கால் அக்கா

கண்ணாடிப் பலகைமேல் தலைவலி மாத்திரையை வைத்து, மெழுகு சீவும் கத்தியால் நடுவில் ஒரு வெட்டு. ஒரு பாதியை ஓரமாக நகர்த்திவிட்டு, மற்றதில் இன்னொரு வெட்டு. அந்தக் கால் துண்டை விரல் நுனியால் நிமிர்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டு மூன்றாவது வெட்டு. கடைசியில் கிடைப்பது எட்டில் ஒரு பங்கு, ஊதினால் பறந்துவிடும். அதை நாக்கில் ஒட்டவைத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, “இன்னிக்குக் கொஞ்சம் பெரிசா விழுந்துடுச்சு” என்று கவலைப்பட்டால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தானே செய்யும்? எதிர் மேசையில் பிளாஸ்டர் கலக்கும் அச்சுக்காரருக்கு வந்தது. அரைக்கால் அக்கா என்று பெயர் வைத்தவர் அவர்தான். காலில் பாதி அரைக்கால். அக்காவுக்குக் கோபமில்லை. “அதுவே எனக்கு ஜாஸ்தி” என்பார்.

இடம், பல் செட் செய்யும் பட்டறை. மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கவாட்டில் செங்குத்தான படிக்கட்டு ஏறினால் ஒரு நீள அறை. பல் டாக்டர்கள் பல் போனவர்களின் வாயை அச்செடுத்து இங்கே அனுப்புவார்கள். அச்சுக்காரர் அதில் பிளாஸ்டர் ஊற்றி ஈறை வார்த்துக் கொடுப்பார். அந்த மொட்டை ஈறின்மேல் மெழுகு ஏற்றி, ஒவ்வொரு பல்லாக நட்டு, அதை ஒரு வாய் என்று சொல்லும்படி செய்வது அக்காவின் வேலை. சூடு காட்டிய கத்தி, உருகிய மெழுகு, பொடிப் பொடியாகப் பற்கள் கிடக்கும் தட்டு. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை குனிந்த தலை நிமிராது.

சும்மா சொல்லக் கூடாது, கை அப்படி. வயசான ஒருவருக்கு வரிசை பிசகாமல் பளீரென்று பல் வைத்துவிட்டால் எல்லாரும் பல்லைத்தான் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் கட்சி. அதனால் முன்பல் ஒன்றை மயிரிழை திருப்பி வைப்பார். கோரைப்பல்லின் முனையைக் கொஞ்சம் மழுக்குவார். “லேசா கோணல் இருந்தாத்தான் சொந்தப் பல்லுன்னு நம்புவாங்க.” யாரோடு பேசினாலும் கண்ணை விட்டுவிட்டு வாயைப் பார்த்துப் பேசுவது இந்தத் தொழில் கொடுத்த வியாதி. புதிதாக அறிமுகமாகிறவர்கள் பல்லில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து நாக்கால் துழாவ ஆரம்பித்துவிடுவார்கள்.

இனி அந்த உடம்பின் கதை. ஒருமுறை சளிக்கென்று கடையில் கொடுத்த தித்திப்பு மருந்தை, மூடியில் கோடு போட்ட அளவுக்கு மேல் ஒரு சொட்டு போகாமல் குடித்துவிட்டுப் படுத்தார். எழுந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளிடம், “ஸ்கூலுக்கு நேரமாகலையா?” என்று கேட்டார். பிள்ளை ஸ்கூல் போய்விட்டு வந்து வீட்டுப்பாடமும் முடித்திருந்தது. வாந்திக்குப் போட்ட ஒரு மாத்திரையில் தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மரத்துப்போகப் போடும் ஊசியில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு கை கால் நடுங்கும் என்பதால், தன் சொத்தைப் பல்லை ஊசியில்லாமலே குடையச் சொன்னார். ஊர் வாய்க்கெல்லாம் பல் கட்டுகிறவர் டாக்டரின் நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்ததை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. “வலிச்சா வலி மட்டும்தான். ஊசின்னா வலி போய், இல்லாததெல்லாம் வரும்” என்றார்.

எல்லாவற்றிலும் மோசம், மகள் பிறந்த பிறகு, அடுத்தது உடனே வேண்டாம் என்று கொடுத்த ஹார்மோன் மாத்திரை. குழாய் சொட்டினால் அழுகை. குழந்தை சிரித்தால் அழுகை. சிரிக்காவிட்டாலும் அழுகை. எதற்கு அழுகிறோம் என்று அவருக்கே தெரியாது. நிறுத்தியதும் துடைத்துவிட்டாற்போல் போய்விட்டது. “எல்லாருக்கும் கொடுக்கிற மாத்திரைதாம்மா” என்றார்கள் ஆஸ்பத்திரியில். “எல்லாருக்கும் சரிங்க, எனக்கு?” என்று கேட்டார். அதன்பிறகும் அதே கேள்வியைப் பல இடங்களில் கேட்டுவிட்டார். இப்போது அவரே ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். “மத்தவங்க உடம்புக்குச் சத்தம் போட்டுச் சொல்லணும் போல. எனக்கு முணுமுணுத்தாப் போதும்.”

வீட்டில் இதற்கு வேறு விளக்கம் இருந்தது. மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை அக்கா ஒரு வரி விடாமல் படிப்பார். மயக்கம் வரலாம், குமட்டல் வரலாம், கால் வீங்கலாம் என்று அதில் போட்டிருக்கும். “அதைப் படிச்சுட்டுத்தான் உனக்கு எல்லாம் வருது. படிக்காதே, வராது” என்பார் கணவர். மனசுதான் காரணம் என்று அவர் கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லி வந்தார். மகளும் அதையே சொல்லி வளர்ந்தாள், இப்போது கல்யாணமாகி வேறு ஊரிலிருந்து போனில் சொல்கிறாள்.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நல்ல மனுஷர், குடி கிடையாது, சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தலையைத் தூக்கி மேலே பார்ப்பார். கயிறு, பல்சக்கரம், எத்தனை பேர் ஏறலாம் என்ற தகடு, இவைதாம் அவருடைய உலகம். தகட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அப்படிப்பட்டவருக்கு அரைக்கால் மாத்திரை சாப்பிடும் பெண்டாட்டி வாய்த்தது யார் செய்த வேடிக்கையோ தெரியவில்லை. ஆனாலும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதுவரைக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

மார்பில் கட்டி வந்தபோது வேடிக்கை நின்றுபோனது. அறுத்து எடுத்தார்கள். ஆபரேஷனுக்குக் கொடுத்த மயக்கத்திலிருந்து அக்கா லேசில் எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் எழுந்து தண்ணீர் கேட்கிற நேரமெல்லாம் தாண்டியும் எழவில்லை. நர்சுகள் கன்னத்தில் தட்டித் தட்டிக் கூப்பிட்டார்கள். வெளியே நடைபாதையில் கணவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண் திறந்துவிட்டார் என்று ஒருவர் வந்து சொன்னபோது சுவரில் சாய்ந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பயம் அன்றைக்கு அவருக்குள் போனது, பிறகு வெளியே வரவே இல்லை.

கட்டி திரும்ப வராமலிருக்க டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதினார். பெண் உடம்பில் ஊறும் ஹார்மோன்தான் அந்தக் கட்டிக்குத் தீனி, அதைத் தின்னவிடாமல் மறிப்பது இந்த மாத்திரை, தினம் ஒன்று, வருஷக்கணக்கில் என்று பொறுமையாகச் சொன்னார். ஹார்மோன் என்ற வார்த்தையைக் கேட்டதுமே அக்காவுக்குப் பழைய அழுகை நாட்கள் ஞாபகம் வந்தன. ஆனாலும் முழு மாத்திரையை வெட்டாமல் விழுங்கினார். உயிர்ப் பயம் எல்லாருக்கும் உள்ளதுதானே.

கொஞ்ச நாள் ஒன்றுமில்லை. அப்புறம் ஆரம்பித்தது. அடிவயிற்றிலிருந்து நெற்றி வரை குப்பென்று தீ ஏறி, புடவை நனைய வேர்த்து, அடுத்த நிமிஷம் குளிரில் பல் கிட்டும். விரல் கணுக்கள் காலையில் மடங்காது. அதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது மனசுக்குள் வந்த இருட்டு. ஜன்னலருகே நின்றால் நின்றபடி, உட்கார்ந்தால் உட்கார்ந்தபடி. மகள் போன் செய்தால் என்ன பேசுவதென்று தெரியவில்லை. “நான் எங்கேயோ போயிட்டேங்க, இங்க வேற யாரோ உக்காந்திருக்கா” என்றார் கணவரிடம். அவர் மருந்துக் காகிதத்தை எடுத்து ஒளித்துவைத்தார்.

டாக்டரம்மா மாத்திரை மாற்றிப் பார்த்தார். அது இன்னும் மோசம். கடைசியில் பெருமூச்சு விட்டு, “சரி, பழைய மாத்திரையிலேயே காலாவது போடுங்க. ஒண்ணுமே போடாததுக்கு அது மேல்” என்றார். நம்பிச் சொன்னதாகத் தெரியவில்லை, பிடிவாதக்காரப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிற குரல் அது. எப்படியோ, கால் மாத்திரையில் அக்கா திரும்பி வந்தார். சூடு இருந்தது, தாங்கும்படியாக. விரல் மடங்கியது. பட்டறையில் உட்கார்ந்து முன்பல்லை மயிரிழை திருப்பினார். அச்சுக்காரர், “அரைக்கால் அக்கா இப்ப கால் அக்கா ஆயிட்டாங்க, பதவி உயர்வு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார்.

சிரிக்காதவர் கணவர் ஒருவர்தான். “எட்டு பேர் ஏறுற லிஃப்டுக்கு ரெண்டு பேர் கயிறு கட்டினா நிக்குமா? நீயே சொல்லு” என்று கேட்டார். அக்கா சொன்னார்: “நான் லிஃப்ட் இல்லைங்க.” அவர் விடவில்லை. கால் மாத்திரை கட்டியைத் தடுக்குமா, நிச்சயமா, எழுதிக் கொடுப்பார்களா என்று நச்சரித்தார். மாத்திரை வெட்டிக்கொண்டிருந்த அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “எனக்கு மட்டும் சாகணும்னு ஆசையா? எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா இருக்கிற வரைக்கும் நான் நானா இருக்கணும். அது இல்லாம எத்தனை வருஷம் இருந்து என்ன?” என்றார். அவர் எழுந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்தது அக்காவுக்குப் பின்னால்தான் தெரிந்தது. நாம் இப்போதே தெரிந்துகொள்ளலாம். முழு மாத்திரை சாப்பிட்ட நாட்களில் வாங்கி மிஞ்சிய அட்டைகள் பீரோவில் இருந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு ராத்திரிச் சமையல் அவருடையது, அக்காவுக்குத் தெம்பு வரட்டும் என்று தினமும் காய்கறி சூப் வைப்பார். ஒரு மாத்திரையில் முக்கால் பங்கை இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து நுணுக்கி அவள் கிண்ணத்தில் மட்டும் கலக்க ஆரம்பித்தார். அவர் கணக்கு சுலபம். காலையில் அவள் போடுவது கால், சாயங்காலம் இது முக்கால், மொத்தம் ஒன்று. தெரிந்தால்தானே உடம்புக்கு வரும், தெரியாமல் போனால் பேசாமல் வாங்கிக்கொள்ளும். கட்டியும் வராது. நாள் போனபின் ஒருநாள் சிரித்துக்கொண்டே, “இத்தனை நாளா முழுசுதான் சாப்பிட்டே, என்ன ஆச்சு?” என்று கேட்க வேண்டும். லிஃப்ட் குழிக்குள் நின்று கிரீஸ் தடவும்போதெல்லாம் அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாராம்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. மனுஷர் சீட்டியடித்துக்கொண்டு பாத்திரம் கழுவினார். பிறகு ஒருநாள் பட்டறையில் அக்கா சட்டென்று எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். மறுநாளும் திறந்தார். அடுத்தடுத்து விரல்கள் இறுகின. கடைவாய்ப் பல்லைப் பிடித்தால் நழுவி மெழுகுக்குள் விழுந்தது. டாக்டர் ஒருவர் ஒரு செட்டைத் திருப்பி அனுப்பினார், மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேரவில்லை என்று. அக்காவின் செட் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. முதலாளி திட்டவில்லை, “உடம்பைப் பாத்துக்கங்கம்மா” என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. அச்சுக்காரர் கேலி செய்வதை நிறுத்திவிட்டார்.

இருட்டும் வந்தது. காலையில் பட்டறைப் படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிடுவார். மேலே ஏறுவது எதற்கு என்று தோன்றும், கீழே இறங்குவது எதற்கு என்றும் தோன்றும். அதைவிட அவரை உலுக்கியது வேறொன்று. இத்தனை வருஷமாக எது வந்தாலும் காரணம் சொல்லிவிடுவார். நேற்றுக் குடித்த காப்பி கொஞ்சம் தூக்கல், அதனால் தூக்கமில்லை. கண்ணுக்கு விட்ட சொட்டு, அதனால் வாய் கசப்பு. உடம்பு ஒன்று சொன்னால் அது பொய் சொல்லாது என்பது ஒன்றுதான் அவர் கையிலிருந்த நிச்சயம். இப்போது யோசித்து யோசித்துப் பார்த்தார். சோப்பு மாற்றவில்லை. டீ மாற்றவில்லை. அதே கால் மாத்திரை, அதே துண்டு. காரணமே இல்லாமல் உடம்பு கூச்சல் போட்டது.

கணவர் பார்க்காமலா இருந்தார்? பார்த்தார். வெயில் காலம், வயசு, வேலை ஜாஸ்தி என்று ஒவ்வொன்றாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நிறுத்திவிடலாம் என்று கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டே நினைப்பார். நிறுத்தினால் கட்டி வந்துவிடும் என்று தோன்றும். கை தானாக நுணுக்கும்.

ஒரு சாயங்காலம் அக்கா வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் உட்கார்ந்தார். அவர் அடுப்பருகே நின்றிருந்தார்.

“நீங்க சொன்னதுதாங்க சரி” என்றார் அக்கா.

“என்ன சரி?”

“மனசுதான். கால் மாத்திரைக்கு இவ்வளவு ஆகாது, எனக்கே தெரியுது. இத்தனை வருஷமும் மனசுதான் போல. பைத்தியக்காரி மாதிரி எல்லாத்தையும் வெட்டி வெட்டி, உங்களையும் படுத்திட்டேன். மன்னிச்சுக்கங்க.” மூச்சு வாங்கிக்கொண்டு மேலும் சொன்னார்: “நாளையிலேர்ந்து முழுசாவே போடுறேன். வர்றது வரட்டும்.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கேட்டதும் அடுப்பை அணைத்தார்.

“முழுசு போடாதே” என்றார். “முழுசுதான் போய்க்கிட்டிருக்கு.”

“என்னது?”

“முக்கால் நான் கலக்குறேன். தினமும். சூப்புல.”

அக்கா அடுப்புமேலிருந்த பாத்திரத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி பாத்திரத்தைப் பார்த்தார்.

“கசக்கலையே” என்றார்.

“மிளகு கூடப் போட்டேன்.”

“நல்லாயிருக்குன்னு சொன்னேனே.”

“ஆமா. சொன்னே.”

கத்தியிருந்தால், அழுதிருந்தால், பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அக்கா எழுந்து வந்து சூப்பைக் கழுவுதொட்டியில் ஊற்றி, பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாட்கணக்கில் அதே சுவர். மகள் போனில், “ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்ல. அப்பா சமையல்” என்றார்.

டாக்டரம்மாவிடம் போனார்கள். உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றுகொண்டே கணவர்தான் எல்லாவற்றையும் சொன்னார். தான் கலந்தது, அவளுக்குத் தெரியாதது, முதலில் ஒன்றுமில்லாதது, பிறகு விரல், சூடு, படிக்கட்டு. டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். ரொம்ப நேரம் அக்காவையே பார்த்தார். “சரிம்மா. உங்களுக்குக் காலே போதும். இனிமே முழுசைப் பத்திப் பேச்சே இல்ல” என்றார். அந்தக் குரலில் இப்போது விட்டுக்கொடுத்தல் இல்லை. அக்கா தலையை மட்டும் ஆட்டினார். சந்தோஷப்பட வேண்டிய இடம்தான், ஆனால் சந்தோஷம் வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: “இத்தனை வருஷம் நான் வாய் வலிக்கச் சொன்னேன், ஒருத்தரும் நம்பலை. நீங்க திருட்டுத்தனமா செஞ்சதைச் சொன்னதும் நம்பிட்டாங்க.”

“உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான்...” என்று ஆரம்பித்தார் அவர்.

“தெரியும்” என்றார் அக்கா. “அதனாலதான் என்ன பண்றதுன்னு தெரியலை.”

மருந்து உடம்பை விட்டு இறங்க நாள் பிடித்தது. இப்போது பழையபடி கால் மாத்திரை. பட்டறையில் ஜன்னல் எப்போதாவதுதான் திறக்கிறது. திருப்பி அனுப்பிய செட்டை மறுபடி கட்டிக் கொடுத்தாயிற்று, அதற்குச் சொந்தக்காரரான பெரியவர் அதைப் போட்டுக்கொண்டுதான் நடமாடுகிறார். அச்சுக்காரர் மெல்ல ஒரு கேலியை வீசிப் பார்த்தார், அக்கா அதற்கு லேசாகச் சிரித்தார். கட்டி திரும்ப வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. பரிசோதனைக்குப் போகும் நாள் நெருங்கினால் வீட்டில் இரண்டு பேருக்கும் தூக்கம் கிடையாது, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதும் கிடையாது.

வேலை முடிந்து அலுத்து வரும் அக்காவுக்கு ராத்திரிக்குத் தனியாகச் சமைத்துக்கொள்ளத் தெம்பில்லை. கணவர்தான் சமைக்கிறார். தட்டில் போட்டு, அதை அக்கா முன்னால் வைப்பதற்கு முன் அதிலிருந்தே ஒரு வாய் எடுத்துத் தான் சாப்பிடுகிறார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவராகவே ஆரம்பித்தார். முதல் நாள், “சே, வேணாம், விடுங்க” என்று அவள் கையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, வாயருகே கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தினார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்வதில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, அவர் மென்று விழுங்கி அது தொண்டைக்குக் கீழே இறங்கும் வரை காத்திருந்துவிட்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார்.